கொல்கி உடலே இல்லாத பக்டீரியா, புரதத்தில் சர்க்கரையை எங்கே வைத்துக் கோர்க்கிறது?

கொட்டகலை_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். போன கிழமை கல அமைப்புப் பாடம் நடந்தது. புரதம் றைபோசோமில் உருவாகிறது, அழுத்தமற்ற அகமுதலுருச் சிறுவலைக்குள் போகிறது, அங்கேயும் பிறகு கொல்கி உடலிலும் அதற்குச் சர்க்கரைச் சங்கிலி கோர்க்கப்படுகிறது, இதைத்தான் கிளைக்கோசைலேற்றம் என்கிறோம் என்று பலகையில் படம் போட்டு முடித்தேன். அப்போது இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், பக்டீரியாவுக்கு இது ரெண்டும் இல்லைன்னு போன பாடத்துல சொன்னீங்களே, அப்ப அதோட புரதத்துல சர்க்கரையே இருக்காதா?" என்று கேட்டாள்.

இருக்காது என்று சொல்லிவிட்டேன். எனக்குப் படிப்பித்தது அப்படித்தான்.

ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. இராத்திரி கைபேசியில் தேடினால், குடலில் இருக்கும் நல்ல பக்டீரியாக்களின் புரதங்களில் கூடச் சர்க்கரை கோர்க்கப்பட்டிருக்கிறது என்று வருகிறது, லக்டோபசிலஸ் என்ற பால்புளிப்புப் பக்டீரியாவின் பெயரெல்லாம் வருகிறது. முழுதாகப் புரியவில்லை. எது சரி? சரியென்றால், சிறுவலையும் கொல்கியும் இல்லாமல் அது எங்கே நடக்கிறது? அதனால் அந்தப் பக்டீரியாவுக்கு என்ன பயன், நமக்கு என்ன பயன்? இன்னொன்று, அம்மாவுக்குச் சீனி வருத்தம், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் எடுக்கும் இரத்தப் பரிசோதனையைச் சிலர் கிளைக்கோசைலேற்ற ஹீமோகுளோபின் என்று எழுதுகிறார்கள், அதுவும் இதுவும் ஒன்றுதானா?

திங்கட்கிழமை வகுப்பில் இதைத் திருத்திச் சொல்லியாக வேண்டும். பிழையான ஒன்றை ஒரு பிள்ளை தலையில் ஏற்றிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.


மஸ்கெலியா_மழை எழுதியது:

டீச்சர், நாங்கள் படித்த காலத்து ரியூஷன் குறிப்பிலும் "மெய்க்கருக் கலங்களில் மட்டும்", அதாவது கரு உள்ள கலங்களில் மட்டும், என்றுதான் இருந்தது, அடிக்கோடு போட்டுப் பாடமாக்கியது இன்னும் நினைவிருக்கிறது. விடை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள், நல்லா வருவாள். நானும் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.


பேராதனை_பழைய_மாணவன் எழுதியது:

டீச்சர், பால்புளிப்புப் பக்டீரியாக்களோடு சில வருடங்கள் ஆய்வுகூடத்தில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்டீரியாப் புரதத்திலும் சர்க்கரை இருக்கிறது. அந்தப் பிள்ளையின் சந்தேகம் நியாயமானது, அறிவியலே அந்தச் சந்தேகத்தில் ரொம்ப நாள் நின்றது. 1976இல் மெஷர், ஸ்ட்ரோமிங்கர் என்ற இரண்டு பேர், உப்பளத்துத் தண்ணீர் போலக் கடும் உப்பில் வாழும் ஹலோபக்டீரியம் என்ற நுண்ணுயிரின் வெளிப்போர்வைப் புரதத்தில் சர்க்கரை இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் பிற்காலத்தில் அந்த உயிர் பக்டீரியா வகையே இல்லை, ஆர்க்கியா என்ற தனிப் பிரிவு என்று பிரித்துவிட்டார்கள், அதனால் பக்டீரியாவைப் பற்றிய பழைய எண்ணம் பாடப்புத்தகத்தில் அப்படியே தங்கிவிட்டது. 1999இல் கம்பைலோபக்டர் ஜெஜூனியில் இதற்கென்றே ஒரு முழு ஏற்பாடு இருப்பது தெரியவந்தது. கோழிக் குடலில் சும்மா இருந்துவிட்டு நமக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும் பக்டீரியா அது. 2002இல் அந்த ஏற்பாட்டின் ஜீன்களை அப்படியே எடுத்து, அந்த ஏற்பாடு இல்லாத ஈ.கோலை என்ற பக்டீரியாவுக்குள் வைத்தார்கள், ஈ.கோலையும் புரதத்தில் சர்க்கரை கோர்க்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு மறுத்துப் பேச இடமில்லை.

இப்போது எங்கே நடக்கிறது என்ற கேள்வி. எனக்கு இதில் பிடித்த பகுதியே இதுதான். நம் கலத்தில் நடப்பதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். புரதத்தில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோவமிலத்தில் சேரும் வகைச் சங்கிலியை முதலில் புரதத்தில் கோர்ப்பதில்லை, சிறுவலையின் மென்சவ்வில் ஊன்றி நிற்கும் ஒரு கொழுப்பு மூலக்கூற்றின் மேல் ஒவ்வொரு சர்க்கரையாக அடுக்குவார்கள், பாதியில் அதை மென்சவ்வின் மறுபக்கத்துக்குப் புரட்டுவார்கள், 14 சர்க்கரை சேர்ந்ததும் மொத்தமாகத் தூக்கிப் புரதத்தில் வைப்பார்கள். இதற்குத் தேவை ஒரு மென்சவ்வு, ஒரு கொழுப்புத் தாங்கி, சில நொதியங்கள், அவ்வளவுதான். பக்டீரியாவுக்குக் கலமென்சவ்வு இருக்கிறதே! கம்பைலோபக்டர் அதன் உட்பக்கத்தில் 7 சர்க்கரைச் சங்கிலியைக் கட்டி, வெளிப்பக்கத்துக்குப் புரட்டி, அங்கே வைத்துப் புரதத்தில் சேர்க்கிறது. நம் கலத்துக்குள் சிறுவலை செய்யும் காரியத்தை அங்கே கலத்தின் எல்லையே செய்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இது ஒரு வழி. குடல் நண்பர்களில் பக்டீரொயிட்ஸ் வகையும் கிட்டத்தட்ட இந்தப் பாணிதான், ஆனால் சேர்வது அஸ்பராஜினில் இல்லை, செரின் அல்லது திரியோனின் என்ற அமினோவமிலத்தில். முன்னால் அஸ்பார்ட்டிக் அமிலம், நடுவில் செரின் அல்லது திரியோனின், மூன்றாவதாகக் குறிப்பிட்ட சில அமினோவமிலங்களில் ஒன்று, இந்த மூன்றெழுத்து அடையாளம் இருந்தால் அங்கே சர்க்கரை ஏறும். 2009இல் இதைக் கண்டார்கள். அந்த ஏற்பாட்டைக் கெடுத்த பக்டீரொயிட்ஸ் ஃபிரஜிலிஸ், எலிக் குடலில் நல்ல நிலையில் உள்ள தன் சொந்த இனத்தோடு போட்டி போட்டு இடம் பிடிக்க முடியாமல் தோற்றது. அதாவது சர்க்கரை இல்லாவிட்டால் குடித்தனமே இல்லை.

இரண்டாவது வழி இன்னும் நேரடியானது. லக்டோபசிலஸ் பிளாண்டரம் டபிள்யூ.சி.எஃப்.எஸ்.1 என்று ஒரு வகை இருக்கிறது, மனித உமிழ்நீரிலிருந்து எடுத்தது, 2003இல் அதன் முழு மரபணு வரிசை வெளிவந்தது. அதில் ஏசிஎம்2 என்ற புரதத்தைப் பார்த்தால், சர்க்கரை ஏறுவது கலத்துக்கு உள்ளேயே, முதலுருவிலேயே, புரதம் வெளியேறுவதற்கு முன்பே. 2012இல் வந்த ஆய்வு. மென்சவ்வில் சங்கிலி கட்டும் வேலையெல்லாம் கிடையாது. என்-அசெற்றைல் குளுக்கோசமீன் என்ற சர்க்கரை, செரின், திரியோனின் மேல் ஒன்றொன்றாக ஏறுகிறது.

ஏன் இந்தப் பாடு? ஏசிஎம்2 வெட்டும் நொதியம். கலம் இரண்டாகப் பிரியும்போது நடுவில் ஒட்டியிருக்கும் கலச்சுவரை அறுத்துவிடுவது அதன் வேலை. கவ்வாத்து வெட்டும் கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு அது கட்டாயம் வேண்டும், ஆனால் கண்டபடி வீசினால் செடியே போய்விடும். அந்தச் சர்க்கரைகள் கத்திக்கு உறை மாதிரி இருந்து வெட்டும் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்று 2013இல் காட்டினார்கள்.

இன்னொரு உதாரணம் லக்டோபசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி. 1983இல் ஆரோக்கியமான ஒரு மனிதரின் குடலிலிருந்து பிரித்தெடுத்தது. கோர்பாக், கோல்டின் என்று இரண்டு பேர், அவர்கள் பெயரின் முதலெழுத்துதான் அந்த ஜிஜி. அது வெளியே விடும் எம்எஸ்பி1 என்ற புரதம், குடற்சுவர்க் கலங்கள் அழற்சியில் சாகாமல் தாங்க உதவுகிறது என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். அதில் 106ஆம், 107ஆம் இடத்துச் செரின்களில் சர்க்கரை இருக்கிறது. அந்தச் சர்க்கரையை எடுத்துவிட்டாலும் புரதம் தன் வேலையைச் செய்கிறது! ஆனால் புரதத்தை அறுக்கும் நொதியங்களிடம் சீக்கிரம் அகப்பட்டுவிடுகிறது. குடல் என்பதே புரதத்தைத் துண்டு துண்டாக அறுக்கும் இடம், அங்கே நின்று பிடிக்க ஒரு மேல்சட்டை வேண்டியிருக்கிறது.

நமக்கு என்ன பயன் என்று கேட்டதற்கு நேரான பதில் இதற்குள் இருக்கிறது. நல்ல பக்டீரியா நமக்குச் செய்யும் நன்மையில் ஒரு பங்கு அதன் மேற்பரப்பிலும் அது வெளியே விடும் புரதங்களிலும் இருக்கிறது. அந்தப் புரதம் எவ்வளவு நேரம் நிலைக்கும், அந்த உயிர் குடலில் தங்குமா தங்காதா, இவற்றைச் சர்க்கரையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இரத்தப் பரிசோதனைக் கேள்வியை வேறு யாராவது எழுதுங்கள், எனக்குக் கை வலிக்கிறது.


தலவாக்கலை_தாதி எழுதியது:

அதை நான் எழுதுகிறேன் டீச்சர். ஒவ்வொரு கிளினிக் நாளிலும் விளக்குவது என்பதால் எனக்குச் சுலபம்.

அம்மாவின் அந்தப் பரிசோதனை அளக்கும் எச்.பி.ஏ.1சி என்பது ஹீமோகுளோபினில் குளுக்கோஸ் தானாகப் போய் ஒட்டிக்கொள்வது. நொதியம் எதுவும் அதைச் செய்வதில்லை. இரத்தத்தில் குளுக்கோஸ் கூடக் கூட ஒட்டுவதும் கூடும், சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அதனால்தான் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரிகிறது. கிளினிக்குக்கு வருவதற்கு முதல் நாள் மட்டும் சீனி குறைத்துச் சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் இதில் அகப்படுவது அதனால்தான்.

பழைய அறிக்கைகளில் கிளைக்கோசைலேற்ற ஹீமோகுளோபின் என்று எழுதினார்கள், இப்போதும் சில இடங்களில் எழுதுகிறார்கள், ஆனால் சரியான சொல் கிளைக்கேற்றம். மேலே அண்ணன் எழுதியது நொதியம் இடம் பார்த்து, குறிப்பிட்ட சர்க்கரையைத் தேர்ந்து, வேண்டுமென்றே கோர்ப்பது. இது வெறும் ஒட்டல். வெல்லம் காய்ச்சிய சட்டியில் பாகு ஒட்டுவதற்கும் பூக்காரர் நூலில் பூவைக் கோர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று நான் சொல்வேன். அம்மாவுக்கு எண் எவ்வளவு வந்தது என்று இங்கே எழுத வேண்டாம், கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுங்கள், நடக்கச் சொல்லுங்கள்.


பண்டாரவளை_தயிர்ச்சட்டி எழுதியது:

நான் தயிர் போட்டு விற்பவன், படிப்பு சாதாரண தரம் வரைதான், ஆனாலும் முழுவதையும் இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு ஒரு கேள்வி. குளிர் நாளில் சட்டியைச் சாக்கில் சுற்றி அடுப்படியில் வைத்துத்தான் உறைய வைக்கிறோம், பழைய தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத்தான் அடுத்த பாலுக்கு உறை ஊற்றுகிறோம், என் அப்பா காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். இப்போது சில பேர் கடைக்கு வந்து, பார்மசியில் விற்கும் குளிகையில் இருப்பதும் உங்கள் தயிரில் இருப்பதும் ஒரே லக்டோபசிலஸ்தானே, அப்படி எழுதி ஒரு போர்ட் போடுங்கள், வியாபாரம் கூடும் என்கிறார்கள். அண்ணன் சொல்லும் அந்தச் சர்க்கரைப் புரதங்கள் எங்கள் தயிர் பக்டீரியாவிலும் இருக்குமா? போடலாமா?


பேராதனை_பழைய_மாணவன் எழுதியது:

அண்ணே, போடாதீர்கள். உங்கள் தயிர் நல்ல தயிராகவே இருக்கட்டும், ஆனால் அந்த வாசகம் உண்மையாக இருக்காது.

லக்டோபசிலஸ் என்ற ஒரு பெயருக்குள் முன்பு அடைத்து வைத்திருந்த உயிர்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்துச் சொந்தம் என்பதால் 2020இல் அந்தப் பேரினத்தையே 25 ஆகப் பிரித்துவிட்டார்கள். நான் மேலே சொன்ன பிளாண்டரமும் ரம்னோசஸும் இப்போது வேறு வேறு பேரினப் பெயர்களில்தான் இருக்கின்றன, பழக்கத்தில் பழைய பெயரையே எழுதிவிட்டேன். அதைவிட முக்கியமானது, ஒரே இனத்துக்குள்ளேயே வகைக்கு வகை இந்தச் சர்க்கரை மாறுகிறது. ரியூட்டரி என்று ஒரு இனம். பன்றிக் குடலிலிருந்து எடுத்த வகையையும் எலிக் குடலிலிருந்து எடுத்த வகையையும் ஒப்பிட்டால், இரண்டிலும் செரின் திரும்பத் திரும்ப வரும் ஒரு நீளமான ஒட்டுப் புரதம் இருக்கிறது, ஆனால் எலி வகையில் அதன் மேல் ஏறியிருப்பது இரண்டு என்-அசெற்றைல் குளுக்கோசமீன், பன்றி வகையில் குளுக்கோஸும் சேர்ந்த மூன்று சர்க்கரை. பெயர் ஒன்று, ஊர் ஒன்றில்லை, சட்டையும் ஒன்றில்லை. அப்படியிருக்க, யாரோ ஒருவர் குடலில் 1983இல் எடுத்துத் தனியாக வளர்த்த வகை அப்பா காலத்துச் சட்டித் தயிரில் இருக்கிறது என்று சோதிக்காமல் சொல்ல வழியில்லை. கடை யோகட்டில் போடும் வழக்கமான ஜோடிகூட வேறு, பல்கேரிக்கஸும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோஃபிலஸும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், புளித்த சாப்பாட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் சோளத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டுப் புளிக்க வைத்துச் சாப்பிடுவார்கள், காங்கா வை என்பார்கள். அப்படிப் புளித்த சோளத்தில் கிடைத்த பிளாண்டரம் வகைக்குக் கேடபிள்யூ30 என்று பெயர், அந்த இரண்டு எழுத்தும் அந்தச் சாப்பாட்டின் பெயர்தான். அது கிளைக்கோசின் எஃப் என்று 43 அமினோவமிலம் கொண்ட ஒரு சிறு புரதத்தை விடுகிறது. அதில் இரண்டு சர்க்கரை, ஒன்று செரினில், மற்றது சிஸ்டீனின் கந்தகத்தில். கந்தகத்தில் சர்க்கரை கோர்ப்பது உயிர்களில் அபூர்வம், 2011இல் இதைக் கண்டபோது துறையில் உள்ளவர்கள் வியந்து போனார்கள். இந்தப் புரதம் சுற்றியுள்ள வேறு சில பக்டீரியாக்களின் வளர்ச்சியை நிறுத்திவிடும், செரினில் உள்ள சர்க்கரையைக் கழற்றினால் அந்தச் சக்தி போய்விடும். ஒரு பாட்டி ஊறப் போட்ட சோளத்திலிருந்து இது வந்திருக்கிறது. உங்கள் சட்டியில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் வந்து கேட்டால் ஒரு கரண்டி கொடுத்துவிடுங்கள்.


பண்டாரவளை_தயிர்ச்சட்டி எழுதியது:

சரி தம்பி, போர்ட் போடவில்லை. கரண்டி என்ன, ஒரு சட்டியே கொடுக்கலாம்.


கொட்டகலை_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, உண்மையாகவே. இரண்டு படத்தையும் கொப்பியில் வரைந்து பார்த்துவிட்டேன், மென்சவ்வு என்ற இடம் வந்ததும் எனக்கே தெளிந்துவிட்டது. தாதி அக்கா சொன்ன பூ உதாரணத்தை வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்கலாமா? எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு நுணுக்குக்காட்டி, கொஞ்சம் சோதனைக்குழாய், அவ்வளவுதான். புரதத்தில் சர்க்கரை இருக்கிறது என்று அந்தப் பிள்ளை கண்ணால் பார்க்க ஏதாவது வழி உண்டா?


பேராதனை_பழைய_மாணவன் எழுதியது:

உண்டு டீச்சர். அதற்கு வேண்டியது உங்கள் ஊர் வேலியிலேயே படர்ந்திருக்கும்.

நாங்கள் ஆய்வுகூடத்தில் சர்க்கரைப் புரதத்தைப் பிடிக்க லெக்டின் என்று ஒன்றைப் பயன்படுத்துவோம். குறிப்பிட்ட சர்க்கரையைக் கண்டால் பற்றிக்கொள்ளும் புரதம் அது, பெரும்பாலும் விதைகளிலிருந்து வருவது. எம்எஸ்பி1இல் சர்க்கரை இருப்பதைக் காட்டிக்கொடுத்த கொன்கனாவலின் ஏ என்ற லெக்டின், வாளவரைக்கு நெருங்கிய உறவான ஒரு அவரையின் விதையில் இருப்பது, 1919இல் சம்னர் என்பவர் பிரித்தெடுத்தார். அதே விதையிலிருந்துதான் அவர் 1926இல் யூரியேசு நொதியத்தைப் பளிங்காக எடுத்தார், அதற்கு 1946இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. நம் பலாக்கொட்டையிலும் ஜக்கலின் என்று ஒரு லெக்டின் உண்டு, அது பிடிக்கும் சர்க்கரை வேறு. ஒரு அவரை விதைக்குள் இவ்வளவு இருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

நம் தோட்டத்து வாளவரை விதையில் உள்ள லெக்டினும் குளுக்கோஸ், மன்னோஸ் இரண்டையும் பிடிக்கும் இனம்தான். முற்றிக் காய்ந்த விதை நாலைந்து எடுத்து, இரவு ஊற வைத்து, தோலுரித்து, உப்புத் தண்ணீரில் அரைத்து, துணியில் வடிகட்டி, தெளிய விடுங்கள். பாண் போடும் ஈஸ்ட்டைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, மெல்லிய பால் போல உப்புத் தண்ணீரில் கலக்குங்கள். ஈஸ்ட்டின் கலச்சுவரில் மன்னோஸ் நிறையக் கோர்த்த புரதங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒவ்வொரு துளி கண்ணாடித் தட்டில் சேர்த்து மெதுவாக ஆட்டினால் ஈஸ்ட் திரள் திரளாகக் கட்டிப்படும், நுணுக்குக்காட்டியில் இன்னும் நன்றாகத் தெரியும். பக்கத்தில் இன்னொரு துளியில் வடித்த சாற்றுக்குப் பதில் வெறும் உப்புத் தண்ணீர் விட்டு ஒப்பிடுங்கள். மூன்றாவது துளியில், சாற்றோடு முதலிலேயே குளுக்கோஸ் மாவு நிறையக் கரைத்துவிட்டுப் பிறகு ஈஸ்ட்டைச் சேருங்கள், கட்டிப்படுவது குறையும். ஏன் என்று அந்தப் பிள்ளையையே கேளுங்கள், சொல்லிவிடுவாள்.

ஈஸ்ட் பக்டீரியா இல்லை, அதற்குக் கொல்கி உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள். பாடசாலையில் பக்டீரியாவை வளர்த்துச் செய்ய வேண்டாம். சமைக்காத வாளவரை விதை நஞ்சு, யாரும் வாயில் வைக்கக் கூடாது, சாற்றைத் தொட்டவர்கள் கை கழுவ வேண்டும்.


கொட்டகலை_டீச்சர் எழுதியது:

இன்று காலை வகுப்பில், போன கிழமை நான் சொன்னது பிழை, நீ கேட்டதுதான் சரியான கேள்வி என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிறகு வாளவரை யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். அதே பிள்ளைதான் கை தூக்கினாள், லயத்துக்குப் பின்னால் அவள் பாட்டி போட்ட கொடி இருக்கிறதாம், காய் முற்ற இன்னும் இரண்டு கிழமை ஆகுமாம். உப்புத் தண்ணீருக்கு எத்தனை கிராம் உப்பு என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.


பேராதனை_பழைய_மாணவன் எழுதியது:

ஒரு லீற்றர் தண்ணீருக்கு 9 கிராம், டீச்சர். ஈஸ்ட்டைக் கழுவும்போது இரண்டு மூன்று தரம் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை வெளியே வடித்துவிட்டுப் புதிது மாற்றுங்கள்.